லேப்டாப்பில் ராம் கூட்டிய பிறகு நீலத்திரை வருகிறதா? ஃபார்மட் அடிக்கும் முன் இதைச் செய்யுங்கள்

தக்கலை பக்கத்தில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற வேலை எனக்கு. லேப்டாப்பில் இருந்த 8 ஜிபி ராம் போதவில்லை என்று இன்னொரு 8 ஜிபியை ஆன்லைனில் வாங்கி நானே மாட்டினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் நீலத்திரை, அதாவது விண்டோஸ் திடீரென்று நின்றுபோய்ப் பிழை காட்டுகிற நீல நிறத் திரை. கடைக்கு எடுத்துப் போனால், "ராமெல்லாம் அப்படிக் கெட்டுப்போவாது மக்ளே, விண்டோஸ் அடிபட்டிருக்கு, ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்" என்று சொல்லி 500 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த நாளே மறுபடி நீலத்திரை. இன்னொரு கடை, இன்னொரு ஃபார்மட், இன்னொரு 500. இதற்குள் ஆன்லைனில் மாற்றித் தருகிற 7 நாள் கெடு முடிந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் பழுது அந்தப் புது ராமில்தான் இருந்தது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். இடையில் ஒரு கல்யாணத்தின் 23 படங்கள் திரும்ப எடுக்க முடியாதபடி கெட்டுப்போயின, அந்தப் பெண்ணின் அம்மாவிடம் அதைச் சொன்ன நாளை என்னால் மறக்க முடியவில்லை. இன்னொருவருக்கு அது நேரக் கூடாது என்றுதான் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் வேலையை நிறுத்துங்கள்

நீலத்திரை வந்ததும் எல்லோரும் பதறிப்போய் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி போட ஆரம்பிப்போம். நானும் அதைத்தான் செய்தேன். ராம் பழுதாக இருக்கும்போது செய்யவே கூடாத காரியம் அதுதான். ஒரு ஃபைலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு காப்பி செய்யும்போது அது ராம் வழியாகத்தான் போகிறது. ராமில் ஒரு சின்ன இடம் பழுதாகியிருந்தாலும், அந்த இடத்தில் வந்து உட்காருகிற தகவல் மாறிப்போய், மாறிய நிலையிலேயே டிஸ்கில் எழுதப்படும். எந்த எச்சரிக்கையும் வராது, காப்பி முடிந்தது என்றே காட்டும். என்னுடைய படங்களில் மேல் பாதி சரியாக இருந்தது, கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகவும் ஊதாக் கோடாகவும் ஆகியிருந்தது. நான் கவனிப்பதற்குள் கேமரா கார்டு ஃபோட்டோகிராபரிடம் திரும்பப் போய், அடுத்த கல்யாணத்துக்காக அழிக்கப்பட்டும்விட்டது.

அதனால் லேப்டாப்பை அணைத்து, புது ராமைக் கழற்றிவிட்டு (கழற்றும் முறை 5-ஆம் பகுதியில் இருக்கிறது, வாரண்டி உள்ள லேப்டாப் என்றால் 3-ஆம் பகுதியையும் முதலில் படியுங்கள்), பழைய ராமை மட்டும் வைத்து ஓட்டுங்கள். மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. காப்பி எடுப்பது, டேலி கணக்கு டேட்டா பேக்கப், பென்டிரைவில் மாற்றுவது எல்லாமே அதன் பிறகுதான். ராம் கூட்டுகிறபோது பழையதை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று போட்டவர்கள், அந்தப் பழையதைக் கடையில் கொடுத்துவிடாமல் குறைந்தது ஒரு மாதமாவது கையில் வைத்திருங்கள்.

2. ராம்தான் காரணமா என்று அறிகுறியைப் பாருங்கள்

நீலத்திரையில் ஒரு பெயர் வரும், அதை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் ஆகியவை ராம் பழுதில் அடிக்கடி வருபவை. டிரைவர் கோளாறிலும் இதே பெயர்கள் வருவதுண்டு, அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் ராம் மீது சந்தேகம் கூடும். அதோடு பிரவுசரில் டேப்கள் தானாகச் சாவது, நன்றாக இருந்த ஜிப் ஃபைல் உடைந்திருக்கிறது என்று சொல்வது, சாஃப்ட்வேர் போடும்போது பாதியில் பிழை காட்டுவது, விண்டோஸை மறுபடி போடும்போதே நின்றுபோவது இவையும் சேர்ந்தால் ராமைச் சோதிக்காமல் வேறெதையும் தொடாதீர்கள்.

திரையே வராமல் கருப்பாக இருந்தால் இன்னொன்று இருக்கிறது. புது ராம் போட்டு முதல்முறை ஆன் செய்யும்போது லேப்டாப் அந்த ராமைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், டிடிஆர்5 என்கிற புது வகை ராம் என்றால் சில நிமிடம்கூட ஆகலாம். நடுவில் பவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

3. பில், படம், தேதி

பழுது பார்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், அப்புறம் தேடினால் கிடைக்காது. ஜிஎஸ்டி பில் வேண்டும், அதில் ராமின் சீரியல் எண் இருந்தால் மிகவும் நல்லது. கடையில் வாங்குகிறவர்கள் எண்ணை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் எழுதித் தருவார்கள். கம்ப்யூட்டர் உதிரிப் பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்பதால் "பில் இல்லாம எடுத்தா குறைச்சுத் தாறேன்" என்பார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். அந்த இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சத்துக்காக வாரண்டியையே இழந்துவிடுவீர்கள்.

ராமின் இரண்டு பக்கத்தையும் ஸ்டிக்கர் தெரியும்படி படம் எடுங்கள். ஸ்டிக்கரைக் கிழிக்கவோ உரிக்கவோ கூடாது, உரித்தால் வாரண்டி கிடையாது. வந்த டப்பாவையும் பிளாஸ்டிக் அச்சையும் குப்பையில் போடாதீர்கள். ஆன்லைன் என்றால் பார்சல் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் எது என்பதை காலண்டரில் குறித்து வையுங்கள்.

லேப்டாப்புக்கே இன்னும் வாரண்டி இருக்கிறதா? அப்படியானால் மூடியைத் திறக்கும் முன் அந்த நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் கேளுங்கள். ராமை வாடிக்கையாளரே மாற்றலாம் என்று சில மாடல்களுக்கு அனுமதி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஃபோனில் சொன்னால் போதாது, மெயிலில் பதில் வாங்குங்கள்.

4. வாங்கியது உங்கள் லேப்டாப்புக்கு உரிய ராம்தானா

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ராம் வகைகளில் பல் வரிசைக்கு நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றை இன்னொன்றின் இடத்தில் மாட்ட முடியாது. லேப்டாப் ராமில் பின்களின் எண்ணிக்கையும் 204, 260, 262 என்று மாறும். ஏமாற்றுவது டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் ஒரே மாதிரி மாட்டும், ஆனால் முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் 1.35 மட்டும்தான் சரிப்படும். பழைய லேப்டாப்புக்கு ராம் தேடுகிறவர்கள் ஸ்டிக்கரில் அந்த எல் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

வேகம் வேறுபட்டால் பயப்பட வேண்டாம். 2666 ஒன்றும் 3200 ஒன்றும் சேர்த்துப் போட்டால் இரண்டும் 2666-இல் ஓடும், அது பழுதல்ல. 8 ஜிபியுடன் 16 ஜிபி போடுவதும் பெரும்பாலும் ஓடும். லேப்டாப் எவ்வளவு ராம் வரை ஏற்கும் என்பதை மட்டும் அதன் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு மோசடியும் நடக்கிறது. பழைய ராமில் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். சிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரில் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறந்தால் ராமின் சிப்பில் பதிந்திருக்கிற நிறுவனப் பெயர், அளவு, வேகம் எல்லாம் தெரியும், அநேகமாகத் தயாரித்த வாரமும் ஆண்டும்கூட. ஸ்டிக்கரில் இருப்பதும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ராமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டுங்கள்

பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே சரியாகிவிடும் என்பது என் எண்ணம், ஏனென்றால் சரியாக உட்காராத ராமும் பழுதான ராமும் வெளியே காட்டுகிற அறிகுறி ஒன்றுதான். ஒரு நாள் காலையில், அவசரம் இல்லாத நேரத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். பின்பக்க மூடியில் ஸ்க்ரூக்கள் நீளம் வேறு வேறாக இருக்கும், ஒரு தாளில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முடுக்கினால் மேல் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கிற ஸ்க்ரூவையும் தேடுங்கள். மூடியைப் பெயர்க்க கத்தி வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி வயரை மதர்போர்டிலிருந்து எடுப்பது. இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், யூடியூப் வீடியோக்களில்கூட விட்டுவிடுகிறார்கள். பேட்டரி இணைந்திருக்கும்போது ராமைப் பிடுங்கினால் போர்டே போகலாம். எடுத்த பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்டீல் பீரோவையோ குழாயையோ ஒரு தடவை தொட்டுவிட்டு ராமைத் தொடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜூனில் தொடங்கி நவம்பர், டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் இது, கரையோரமாக உப்புக் காற்று வேறு. முட்டத்தில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிற என் சித்தி மகனின் லேப்டாப்பைத் திறந்தபோது ராம் மாட்டுகிற ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. முட்டம், குளச்சல், அதற்கு அந்தப் பக்கம் தேங்காய்ப்பட்டணம் வரை உள்ளவர்கள் ராமின் தங்க நிறப் பல் வரிசையை வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். மங்கலாக இருந்தால் வெள்ளை நிற மெல்லிய ரப்பரால் உள்ளிருந்து ஓரத்தை நோக்கி மட்டும் இலேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும். ஸ்லாட்டுக்குள் எதையும் நுழைக்காதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கிற ரப்பர் குமிழ் ஊதி இருந்தால் அதுவே போதும். துடைத்த பிறகு அந்தப் பற்களில் விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள்.

மாட்டும்போது ராமை ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்து, வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, தங்கப் பல் கிட்டத்தட்ட மறையும் வரை உள்ளே தள்ளி, அப்புறம் கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் கிளிக் என்று பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தாலும் லேப்டாப் ஆன் ஆகிவிடும், பிரச்சினை ரெண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

6. சோதனை: முதலில் விண்டோஸில் இருப்பது, அப்புறம் இரவு முழுக்க

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ரீஸ்டார்ட் கொடுங்கள். சோதனை ஓடும்போது எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்து விண்டோஸ் வந்ததும் முடிவு ஓரத்தில் வரும், வராவிட்டால் ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய் மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ் என்பதைத் தேடுங்கள். இது பழுது என்றால் பழுதுதான். ஆனால் இது நல்லது என்று சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். என் ராமை இது நல்லது என்றுதான் சொன்னது.

நம்பகமான சோதனைக்கு ஒரு பென்டிரைவ் வேண்டும், சோதனை சாஃப்ட்வேரை அதில் ஏற்றி அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் செய்ய வேண்டும், அதிலுள்ளது எல்லாம் அழிந்துவிடும். பெயர் ஒத்த இரண்டு சாஃப்ட்வேர் உண்டு, இரண்டும் நல்லவை. மெம்டெஸ்ட்86 பிளஸ் முழுக்க இலவசம். பாஸ்மார்க் நிறுவனத்தின் மெம்டெஸ்ட்86-இல் இலவசப் பதிப்பு நான்கு சுற்று வரை ஓடும், செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு அமைப்பை அணைக்காமலே இதைப் பயன்படுத்தலாம். புதியவர்கள் இரண்டாவதை எடுங்கள் என்பேன். காரணம், செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுத் திரும்ப விண்டோஸுக்கு வரும்போது டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கலாம், அது இல்லையென்றால் உள்ளே இருக்கிற எல்லாம் போய்விடக்கூடும். எதைப் பயன்படுத்தினாலும் பயாஸை, அதாவது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற அடிப்படை சாஃப்ட்வேரை, தொடும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

இனி ஒவ்வொரு ராமையும் தனியாகச் சோதியுங்கள். பழையதை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள், அப்புறம் புதியதை மட்டும் அதே ஸ்லாட்டில், இரண்டாவது ஸ்லாட்டிலும் இதேபோல் ஒவ்வொன்றாக, அப்புறம் இரண்டும் சேர்த்து. என் லேப்டாப்பில் 8 ஜிபிக்கு ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, என் புது ராமில் பிழை வந்ததே இரண்டாம் சுற்றின் கடைசியில்தான், லேப்டாப் நன்றாகச் சூடேறிய பிறகு. அதனால் இரவு படுக்கும்போது ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். சார்ஜர் மாட்டியிருக்கட்டும். குலசேகரம், அருமனைப் பக்கம் சாயங்கால இடிமழை உள்ள நாளாக இருந்தால் அன்று வேண்டாம், மறுநாள் செய்யுங்கள்.

7. முடிவை எப்படி எடுத்துக்கொள்வது

ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் தேறவில்லை. "ஒண்ணு ரெண்டு எரர் வாறது சகஜம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சிவப்பு வரி வந்த திரையைத் தேதியோடு படம் எடுங்கள்.

புது ராம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டினால் ராம் பழுது. முதல் ஸ்லாட்டில் தேறிய ராம் இரண்டாவதில் மட்டும் பிழை காட்டினால் ஸ்லாட் பழுது, அதை ராம் விற்றவரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை, போர்டு வேலை பார்க்கிற ஆளிடம்தான் போக வேண்டும். தனித்தனியே தேறிய இரண்டும் சேர்ந்தால் மட்டும் பிழை வந்தால் அவை ஒத்துப்போகவில்லை. அப்போது லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் புது பயாஸ் இருக்கிறதா பாருங்கள், சில நேரம் அதிலேயே தீரும். பயாஸ் ஏற்றும்போது சோதனையில் தேறிய ஒரு ராமை மட்டும் வைத்து லேப்டாப் ஓட வேண்டும், பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஒரே மாதிரி ஜோடியாக வாங்குவதுதான் வழி.

ஒரு ராம் போர்டிலேயே ஒட்டி வருகிற லேப்டாப் என்றால் கூடுதல் ராமைக் கழற்றிவிட்டு ஒட்டிய ராமை மட்டும் சோதியுங்கள். அது தேறி, கூடுதல் ராம் போட்டதும் பிழை வந்தால் நண்பரிடம் ஒரு ராம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள், ராமா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும்.

8. மாற்றி வாங்குவது, செலவு, நாள் கணக்கு

பார்சல் வந்த அன்றே மாட்டி, அன்று இரவே சோதனை ஓடவிட்டால் மறுநாள் காலையில் முடிவு கையில் இருக்கும். 7 நாள் கெடுவில் ஆறு நாள் மிச்சம். ஊர் திருவிழா நாட்களை ஒட்டி ஆர்டர் போடாதீர்கள், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை சமயத்தில் உள்ளூர் விடுமுறையும் கூட்டமுமாகக் கூரியர் இழுத்துவிடும்.

கடையில் வாங்குகிறவர்கள், நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பழைய ராமுக்கு "டெஸ்டிங் வாரண்டிதான்" என்பார்கள், கடையை விட்டு இறங்கினால் அவர்கள் பொறுப்பில்லை என்று பொருள். எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கெடு தாண்டிவிட்டாலும் வழி இருக்கிறது. நல்ல நிறுவன ராம்களுக்குப் பல ஆண்டு வாரண்டி உண்டு. அந்த நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண், பில், சோதனைத் திரையின் படம் மூன்றையும் ஏற்றி விண்ணப்பித்தேன், ஒப்புதல் வந்ததும் கூரியரில் அனுப்பினேன், மாற்று ராம் வர 24 நாள் ஆனது. எனக்கு ஆன செலவு: ராம் 1,850, வீணாய்ப் போன இரண்டு ஃபார்மட் 1,000, ஸ்க்ரூடிரைவர் செட் 180, ஆல்கஹால் 120, கூரியர் 110. ராம் விலை அடிக்கடி மாறுகிறது, வாங்குகிற அன்று இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

விற்றவர் பில் இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

9. நல்ல ராம் போட்ட பிறகு

மாற்றி வந்த ராமையும் ஒரு இரவு சோதித்த பிறகே வேலைக்கு எடுங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளை கொடுங்கள், கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களை அது சரிசெய்யும். பெரும்பாலும் ஃபார்மட் தேவைப்படாது.

பழுதான ராம் இருந்த நாட்களில் காப்பி செய்த ஃபைல்களைத் தேதி வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சின்னப் படமாகப் பட்டியலில் தெரிவதை நம்பாதீர்கள், முழு அளவில் திறந்து அடிவரை பாருங்கள். மூலம் இன்னும் கேமரா கார்டிலோ செல்போனிலோ இருந்தால் மறுபடி காப்பி எடுங்கள். நான் இப்போது ஃபோட்டோகிராபரிடம் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாப் படத்தையும் திறந்து பார்த்துவிடுகிறேன், ஆயிரம் படத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.